தரவைச் சுருக்குவது தனியொருவர் வேலையல்ல

டிஸ்க் நிரம்பப்போகிறது என்ற எச்சரிக்கை வந்ததும், பல அலுவலகங்களில் முதலில் நகர்வது புதிய டிஸ்க் வாங்கும் கோப்புதான். இருக்கும் தரவைச் சுருக்கி வைக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. மக்களின் வரியிலும் கட்டணத்திலும் இயங்கும் இடங்களிலாவது இந்த வழக்கம் மாற வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரில் தரவைச் சுருக்கும் வசதி 2008 பதிப்பிலேயே வந்தது. அப்போது விலை உயர்ந்த என்டர்பிரைஸ் உரிமம் தேவைப்பட்டது. 2016 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக் முதல் ஸ்டாண்டர்டிலும் இலவச எக்ஸ்பிரஸிலும் கிடைக்கிறது. உரிமத்தைக் காரணம் காட்டும் காலம் முடிந்துவிட்டது.

இந்தச் சுருக்கத்தில் இரண்டு நிலைகள் உண்டு. ரோ கம்ப்ரஷனில், எட்டு பைட் ஒதுக்கிய இடத்தில் சிறிய எண் இருந்தால் அதற்கு வேண்டிய பைட் மட்டுமே செலவாகும். பேஜ் கம்ப்ரஷன் இன்னும் ஒரு படி மேலே போய், 8 கேபி பக்கத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை ஒருமுறை எழுதிவிட்டு, மற்ற இடங்களில் சிறு குறிப்பை மட்டும் வைக்கும். பக்கங்கள் சுருங்கிய நிலையிலேயே ரேமுக்கும் வருவதால், அதே ரேமில் கூடுதல் தரவு நிற்கும்.

தமிழில் பெயரும் முகவரியும் பதிவோருக்கு இதில் தனி ஆதாயம் உண்டு. என்வார்சார் வகைப் பத்தியில் ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறிக்கும் இரண்டு பைட் போகிறது. 2008 ஆர்2 முதல் இந்தச் சுருக்கத்தோடு யூனிகோட் சுருக்கமும் சேர்ந்தே இயங்குகிறது. இந்திக்கு 50 விழுக்காடு வரை மிச்சமாகும் என்கிறது மைக்ரோசாஃப்ட். யூனிகோடில் அடுத்தடுத்து அமைந்த தமிழ்க் குறிகளுக்கும் அதே வழிமுறை பொருந்தும். என்வார்சார் மேக்ஸ் பத்திகளுக்கு மட்டும் இது கிடையாது.

சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் சிபியு உழைக்க வேண்டும். நொடிக்கு நொடி திருத்தப்படும் டேபிளுக்கு ரோ போதும். எழுதி முடிந்து, படிக்க மட்டும் திறக்கும் பழைய பதிவுகளுக்குப் பேஜ் ஏற்றது. கிளஸ்டர்டு அல்லாத இண்டெக்ஸ்களைத் தனித்தனியே சுருக்க வேண்டும். எவ்வளவு மிச்சமாகும் என்று மாதிரித் தரவைக்கொண்டு முன்கூட்டியே கணித்துச் சொல்லும் வசதியும் சர்வரிலேயே இருக்கிறது.

இத்தனையும் தரவுத்தள நிர்வாகியான டிபிஏ ஒருவர் தலையில் விழக்கூடாது. எந்த டேபிள் எப்போது திருத்தப்படும் என்பது டெவலப்பருக்குத்தான் தெரியும். சுருக்குவதற்காக டேபிளை ரீபில்டு செய்யும் நேரத்தில் சேவை தடைபடலாம் என்பதால், அதற்கான இரவை ஒதுக்கித் தர வேண்டியவர் துறை அதிகாரி. கணிப்பு அறிக்கை இல்லாத கொள்முதல் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டியது நிதிப் பிரிவு. எதை வைத்திருக்கவே கூடாது என்பதையும் துறைதான் சொல்ல வேண்டும். பெற்ற நோக்கம் முடிந்தால், அரசு அமைப்புகளுக்கு உள்ள விலக்கு உட்பட சில விலக்குகள் நீங்கலாக, தனிநபர் தரவை அழிக்கச் சொல்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அழிக்க வேண்டியதைச் சுருக்கி வைப்பது சிக்கனமாகாது.

எனவே, காலாண்டுக்கு ஒருமுறை இந்த நால்வரும் ஒரே மேசையில் அமரட்டும். பழி யார்மீது என்ற பேச்சு வேண்டாம். எந்த டேபிள், எந்த முறை, எந்த இரவு, மறுநாள் வேகத்தைச் சரிபார்ப்பவர் யார் என்ற நான்கு கேள்விகளுக்கு ஒருமித்த விடையோடு எழுந்தால் போதும்.