தராசு மாறிவிட்டது, எமது கோரிக்கைகளும் மாற வேண்டும்

கொழுந்து மடுவத்தில் தொங்கிய பழைய தராசு பல தோட்டங்களில் இப்போது இல்லை. அந்த இடத்தில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. சில தோட்டங்களில் அது ஒரு சிறு கருவியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கொழுந்தை நிறுத்த மறுகணமே தொழிலாளியின் பெயருக்கு நேரே கிலோ பதிவாகி, அலுவலகக் கணினிக்குப் போய்விடுகிறது. கணக்கப்பிள்ளையின் கொப்பியும் பென்சிலும் மெல்ல மெல்ல விடைபெறுகின்றன.

இதை எதிர்க்க வேண்டும் என்று இங்கே சொல்ல வரவில்லை. பழைய தராசு எமக்கு நியாயம் செய்த தராசு அல்ல. முள் எங்கே நிற்கிறது என்பதை நிறுப்பவர் மட்டுமே பார்த்தார். அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று அவர் கண்பார்வையில் காணாமல் போன கொழுந்துக்குக் கணக்கே இல்லை. சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று கழித்த கிலோக்களை எதிர்த்து எத்தனையோ தோட்டங்களில் வேலைநிறுத்தமே நடந்திருக்கிறது. எண்ணைத் தெளிவாகக் காட்டும் தராசு வருவது நல்லதுதான்.

கேள்வி வேறு. அந்த எண் யாருக்குச் சொந்தம்? புதிய தராசிலும் கழிவை முன்கூட்டியே போட்டு வைக்க முடியும். எத்தனை கிலோ கழிக்கும்படி போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது கொழுந்து நிறுக்கும் பெண்ணுக்குத் தெரியுமா? தோட்டத் தலைவருக்குத் தெரியுமா? முன்பு கண்ணெதிரே கழித்தார்கள், சண்டை பிடிக்கவாவது முடிந்தது. இப்போது கழிவு கருவிக்குள் நடந்தால், எதிரே நின்று கேட்க ஆள் இருக்காது.

அடுத்த விடயம் இதைவிடப் பெரியது. பழைய செக்ரோலில் பேர், அரைப்பேர், மேலதிக கிலோ ஆகியவைதான் இருந்தன. புதிய பதிவில் யார், எந்த மலையில், எத்தனை மணிக்கு, எத்தனை கிலோ என்று எல்லாமே இருக்கும். ஒரு வருடத்துப் பதிவைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகம், எந்த மலைக்கு எத்தனை கிலோ கேட்கலாம் என்பதைத் தானே தீர்மானித்துவிடும். யாருக்கு வேலை குறைக்கலாம் என்றும் பார்க்கும். பேச்சுவார்த்தைக்கு வரும்போது அவர்கள் கையில் ஆயிரம் எண்கள் இருக்கும். எமது கையில் ஞாபகம் மட்டுமே இருக்கும்.

சம்பள விடயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா என்று குறைந்தபட்ச நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை ஊடாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் 2021இற்குப் பின் கூட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ரூபா எவ்வளவு என்பதை வர்த்தமானி சொல்கிறது. அந்த ரூபாவுக்கு எத்தனை கிலோ என்பதைத் தோட்டமே சொல்கிறது. சம்பளம் கூடிய மாதமே கிலோவும் கூடிய அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. கிலோவின் கணக்கு ஒரு பக்கத்திடம் மட்டும் இருக்கும்வரை, சம்பள உயர்வின் ஒரு பகுதியைத் தராசு திருப்பி எடுத்துக்கொள்ளும்.

கம்பனிகள் நெடுநாளாகப் பேசிவரும் வருமானப் பகிர்வு முறையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தொழிலாளிக்கு ஒரு துண்டுத் தேயிலையைப் பிரித்துக் கொடுத்து, நாட்சம்பளத்துக்குப் பதிலாகக் கிலோவுக்குக் காசு கொடுக்கும் முறை அது. ஒவ்வொருவரின் கொழுந்தையும் தனித்தனியாக அளந்து பதியும் வசதி இருந்தால் அதை நடத்துவது இலகு. சில குடும்பங்களுக்கு அதில் நல்ல வருமானமும் வரலாம். ஆனால் மழை பொய்த்தால், உரம் கிடைக்காவிட்டால் நட்டம் யாருடையது? சேமலாப நிதிக்கு யார் பணம் கட்டுவது? 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது செடிகள் எப்படி வாடின என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அப்படியொரு வருடம் மறுபடி வந்தால், நாட்சம்பளம் இல்லாத குடும்பம் என்ன செய்யும்?

எமது வரலாற்றில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கங்காணிமார் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளும். தன் வாழ்க்கையைத் தீர்மானித்த அந்தக் கணக்கை வாசிக்கவோ திருத்தவோ தொழிலாளியால் முடியவில்லை. அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல். நூறு வருடம் கழித்து, எம்மைப் பற்றிய கணக்கு மறுபடியும் எமக்குத் தெரியாத ஓர் இடத்தில் எழுதப்படுவதை அனுமதிக்கலாமா?

இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது கென்யாவைப் பார்க்க வேண்டும். அங்கே கெரிச்சோ மாவட்டத்துப் பெரிய தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள் வந்தன. பத்து வருடத்தில் அம்மாவட்டத்தில் மட்டும் 30,000 வேலைகள் போயின என்று உள்ளூர் அரசு அமைத்த குழுவொன்று 2023இல் கூறியது. அதே வருடம் மே மாதத்தில் இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள், மோதலில் உயிரும் போனது. நூற்றுக்கு 60 இயந்திரம், 40 கை என்ற விகிதத்தை அந்தக் குழு சிபாரிசு செய்தது. வேலை போன பிறகு பேசப்பட்ட விகிதம் அது.

எமது மலைச்சரிவில் அத்தனை பெரிய இயந்திரம் ஓடாது என்பது உண்மை. ஆனால் கத்தரி வந்துவிட்டது. கையில் பிடித்து வெட்டும் மின்கல இயந்திரமும் வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் ஆள் குறைவு என்கிறது நிர்வாகம். அதிலும் உண்மை உண்டு. 1992இல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது இருந்த தொழிலாளரில் பாதிப்பேர்கூட இன்று இல்லை. எனவே இயந்திரம் வரும். அது யார் கைக்குப் போகும் என்பதே எமது கேள்வி. காலங்காலமாகக் கொழுந்தெடுத்த பெண்ணுக்குப் பயிற்சியும் உயர்ந்த கூலியும் கிடைக்குமா, அல்லது இயந்திரம் ஓர் ஆணிடமும் சாக்குச் சுமப்பது அவளிடமும் போய்ச் சேருமா?

எமக்குச் சாதகமான மாற்றங்களும் நடக்கின்றன. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. தேயிலை எங்கிருந்து வருகிறது, பறித்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜேர்மனியில் 2023 முதல், பெரிய நிறுவனங்கள் தமது பொருள் வரும் வழியில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும் எனச் சட்டமே இருக்கிறது. இப்படியான சட்டங்களைத் தளர்த்தும் முயற்சிகளும் நடக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் கதவு திறந்திருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். கொள்வனவாளருக்குக் காட்டுவதற்காகத் திரட்டும் தரவைத் தொழிலாளிக்கும் காட்டு என்று கேட்பதில் என்ன தவறு?

எமது சங்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. நிறுத்த உடனேயே ஒவ்வொருவருக்கும் கிலோவும் கழிவும் அச்சிட்ட சிட்டையாகவோ, அவரது கைத்தொலைபேசிக்குத் தமிழில் வரும் குறுஞ்செய்தியாகவோ கிடைக்க வேண்டும்.

2. கடைத் தராசில் அரச முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மடுவத்துத் தராசும் அதேபோல் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும்.

3. மலைவாரியான கிலோக் கணக்கு மாதந்தோறும் தோட்டக் கமிட்டிக்கும் கொடுக்கப்பட வேண்டும். நாளொன்றுக்கான கிலோவை மாற்றுவதானால் அந்தக் கணக்கை வைத்துப் பேசியே மாற்ற வேண்டும்.

4. புதிய இயந்திரம் எதுவானாலும் தோட்டத்துக்கு வரும் முன் சங்கத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பயிற்சியில் பெண்களுக்கு முதலிடம் வேண்டும்.

5. கருவியில் பதிந்த எண்ணை மட்டும் வைத்து எவருக்கும் தண்டனையோ வேலைக் குறைப்போ கூடாது.

இவை பேராசைக் கோரிக்கைகள் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தும்படி கேட்கவும் இடம் தருகிறது. இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கவும் அதில் இடமுண்டு. அச்சட்டம் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருகிறது. அது முழுமையாக வரும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. கூட்டு ஒப்பந்தம் மறுபடி எழுதப்படும் நாளில் இந்த ஐந்தும் அதில் இடம்பெற வேண்டும்.

அதற்கு முன் எமது பக்கத்திலும் வேலை இருக்கிறது. லயத்துக்கு லயம் கைத்தொலைபேசியைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சந்தா சேர்க்கும் நேரத்தில் மட்டும் அவர்களைத் தேடாமல், தோட்டக் கமிட்டியில் கணக்குப் பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பெண்ணும் தன் கிலோவைத் தன் கொப்பியில் எழுதட்டும், மாதமுடிவில் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்று மாதத்துக் கணக்கு எமது கையில் இருந்தால், துரையின் மேசையில் பேசும் பேச்சே வேறு.