மூலிகை எண்ணெய்களும் எலிச் சோதனைகளும்: எங்கள் நிலைப்பாடு

கருஞ்சீரக எண்ணெய் கல்லீரலைக் காக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரியும் கூடவே வருகிறது. அந்த ஆய்வு யார்மீது நடந்தது என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் எலிகள்தான். எலிகளில் கிடைத்த முடிவைக் காட்டி நோயாளிக்கு மருந்து விற்பதை எங்கள் அமைப்பு எதிர்க்கிறது. விடை தெரிந்த சோதனையையே எண்ணெயை மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் செய்து விலங்குகளைக் கொல்வதையும் எதிர்க்கிறோம். அதே சமயம், விலங்கு ஆய்வு தரும் எச்சரிக்கையை 'நம் மரபு மருந்துக்கு இது பொருந்தாது' என்று தள்ளிவிடுவதும் எங்களுக்கு ஏற்புடையதல்ல.

இந்தச் சோதனைகளில் அதிகம் பயன்படும் நஞ்சு கார்பன் டெட்ராகுளோரைடு. ஒரு காலத்தில் உலர்சலவைக் கடைகளிலும் தீயணைப்புக் கருவிகளிலும் இருந்த திரவம் இது. எலியின் உடலுக்குள் போனதும் கல்லீரலில் உள்ள சிஒய்பி2இ1 என்ற நொதி இதை உடைக்கிறது. அப்போது உருவாகும் வீரியமான துணுக்குகள் செல்சவ்வின் கொழுப்பைத் தாக்குகின்றன. செல்கள் சாகும்போது அவற்றுக்குள் இருந்த ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. வழக்கமாகக் குழுவுக்கு ஆறு எலிகள். ஒரு குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றுக்கு நஞ்சு மட்டும். வேறு சிலவற்றுக்கு எண்ணெயும் நஞ்சும். இறுதியில் எல்லா எலிகளையும் கொன்று ரத்தத்தையும் கல்லீரலையும் பரிசோதிப்பார்கள். எண்ணெய் குடித்த எலிகளில் நொதி அளவு குறைந்திருந்தால் 'கல்லீரலைக் காக்கிறது' என்று கட்டுரை வந்துவிடும்.

பல ஆய்வுகளில் எண்ணெயை நாள்கணக்கில் கொடுத்த பிறகுதான் நஞ்சைக் கொடுக்கிறார்கள். நோயாளியோ கல்லீரல் கெட்ட பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார். இதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. எண்ணெயில் உள்ள ஏதோ ஒரு பொருள் அந்த சிஒய்பி2இ1 நொதியை மட்டுப்படுத்தினாலே போதும், கார்பன் டெட்ராகுளோரைடு முழு வீரியத்துடன் நஞ்சாக மாறாது. கல்லீரல் காப்பாற்றப்பட்டது போலத் தெரியும். உண்மையில் தாக்குதலே குறைவாகத்தான் நடந்திருக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவருக்கும், குடியால் கல்லீரல் சுருங்கியவருக்கும் இந்தச் சோதனை எதையும் சொல்வதில்லை.

அளவையும் பார்க்க வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் கொடுத்தால், உடற்பரப்பை வைத்துக் கணக்கிடும் முறைப்படி மனிதருக்கு அது கிலோவுக்குச் சுமார் 160 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் ஏறக்குறைய 10 கிராம் குடிக்க வேண்டும். விற்பவர் சொல்லும் சில சொட்டுகள் இதற்கு அருகில்கூட வருவதில்லை. கருஞ்சீரகத்தின் முக்கியப் பொருளான தைமோகுயினோனின் அளவும் விதைக்கு விதை, எண்ணெய் எடுக்கும் முறைக்கு முறை மாறும்.

கீழாநெல்லி எண்ணெய் அல்ல. ஆனாலும் அதன் வரலாற்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பரூச் பிளம்பெர்க்கின் குழு, அதே இனத்து வைரஸ் தாக்கும் வுட்சக் என்ற விலங்கில் கீழாநெல்லிச் சாற்றைச் சோதித்து 1987-இல் முடிவை வெளியிட்டது. அவர்கள் விலங்கோடு நிற்கவில்லை. 1988-இல் லான்செட் இதழில் சென்னை ஆய்வு வந்தது: கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது, மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழுவில் 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. நாடே நம்பிக்கை கொள்ளத்தக்க முடிவு அது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வாளர்களை நாங்கள் மதிக்கிறோம். கேள்வியை மனிதரிடம் கேட்கும் துணிவும் நேர்மையும் அவர்களிடம் இருந்தன. மனிதரில் கிடைத்த நல்ல முடிவே மறுசோதனையில் நிற்கவில்லை என்னும்போது, ஆறு எலிகளை வைத்து விளம்பரம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

இனி, விலங்கு ஆய்வின் எச்சரிக்கையைத் தள்ளிவிடும் வழக்கத்துக்கு ஓர் உதாரணம்: வசம்பு. 1960களில், ஜம்மு வசம்பின் எண்ணெயை உணவில் கலந்து கொடுத்த எலிகளுக்குச் சிறுகுடலில் கட்டிகள் வந்தன. 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. குற்றவாளி பீட்டா-அசரோன், இந்திய வசம்பு எண்ணெயில் அது மிக அதிகம். சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவும் வசம்பும் வடித்தெடுத்த எண்ணெயும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கருஞ்சீரகத்துக்கு எலியைச் சான்றாகக் கூப்பிடுபவர்களே வசம்பு என்றதும் 'எலி வேறு, மனிதன் வேறு' என்கிறார்கள். சாதகமான சாட்சியை மட்டும் கேட்கும் இந்த வழக்கம் குழந்தைகளின் உடலோடு விளையாடுகிறது.

விலங்கு ஆய்வே கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு அல்ல. பாராசிட்டமால் கல்லீரலை எப்படிக் கெடுக்கிறது, கல்லீரலைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் தீர்ந்துபோவது அதில் என்ன செய்கிறது என்பதெல்லாம் 1970களில் சுண்டெலிகளில் தெளிவானவை. அந்தப் புரிதலிலிருந்துதான் என்-அசிட்டைல்சிஸ்டீன் மாற்றுமருந்தானது. இன்றும் உயிர்களைக் காக்கிறது. அங்கே விலங்கின் மரணம் ஒரு கேள்விக்கு விடை தந்தது.

ஆகவே கல்லூரிகளின் விலங்கு நெறிமுறைக் குழுக்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். 1998-ஆம் ஆண்டு விலங்குச் சோதனை விதிகள் உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கின்றன. 'இன்னொரு எண்ணெய், அதே நஞ்சு' என்று வரும் விண்ணப்பத்தை அனுமதிக்காதீர்கள். நஞ்சுக்குப் பிறகு மருந்து கொடுக்கும் திட்டமா, எலிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கிறார்களா, திசுவைப் பார்ப்பவருக்கு அது எந்தக் குழுவுடையது என்று தெரியாமல் இருக்குமா என்று கேளுங்கள். பலன் இல்லை என்ற முடிவையும் வெளியிடுவோம் என எழுதி வாங்குங்கள். மருந்துச் சோதனையில் செல் வளர்ப்பு போன்ற மாற்று முறைகளுக்கு 2023-இல் இந்திய விதிகளே இடம் கொடுத்துவிட்டன. முதற்கட்டத் தேடலை அங்கே செய்யலாம்.

அரசிடம் கேட்பது இரண்டு. ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கல்லீரல் எண்ணெய் விளம்பரங்கள்மீது பயன்படுத்த வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடும் வசம்பு எண்ணெய்ப் புட்டியில் பீட்டா-அசரோன் அளவை அச்சிட வேண்டும். அளவு சொல்ல முடியாத எண்ணெய் குழந்தை மருந்தாக விற்கப்படக் கூடாது.

கண் மஞ்சளானவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாராசிட்டமால் அளவுக்கு மீறி உள்ளே போயிருந்தால், எந்த எண்ணெயையும் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்; மாற்றுமருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.