தரையில் உட்கார்ந்த தலைவர்

சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் புவனகிரி. அந்த ஒன்றியத்திலே தெற்குத்திட்டை என்றொரு ஊராட்சி. 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்தச் சிற்றூரின் பெயர் இந்தியா முழுவதும் பத்திரிகைகளில் அடிபட்டது. பாலம் கட்டியதாலா? பள்ளிக்கூடம் திறந்ததாலா? இல்லை தோழர்களே, ஒரு புகைப்படத்தினால்!

ஊராட்சி மன்றக் கூட்டம் நடக்கிறது. உறுப்பினர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி மட்டும் தரையிலே உட்கார்ந்திருக்கிறார். யார் அந்த அம்மையார்? கூட்டத்தைப் பார்க்க வந்தவரா? மனுக் கொடுக்க வந்த ஏழையா? அவர்தான் அந்த ஊராட்சியின் தலைவர்! கூட்டத்தைக் கூட்டவும் நடத்தவும் சட்டப்படி உரிமை பெற்றவர்! பட்டியலினத்தாருக்கு ஒதுக்கப்பட்ட பதவிக்கு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிரசிடெண்ட்!

தம்மைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க விடவில்லை, தேசியக் கொடியை ஏற்றவும் விடவில்லை என்று அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். படம் வெளியே வந்த பிறகுதான் அதிகாரிகள் ஓடி வந்தார்கள். ஊராட்சிச் செயலர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. படம் வராமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விதான் நம் நெஞ்சை அறுக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்திலும் ஒரு பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பின்பு மாவட்ட ஆட்சியர் வந்து அவரைக் கொண்டே ஏற்ற வைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2022இல், பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. 75 ஆண்டுச் சுதந்தரம் கொண்டாடிய வருடத்திலே இப்படி ஒரு கடிதம்!

"அந்தம்மா தாமாகவே உட்கார்ந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை" என்று இத்தகைய ஊர்களில் சிலர் சமாதானம் பேசுவார்கள். பேசட்டும். யாரும் வாய் திறந்து சொல்லாமலே ஒருவர் தரையில் உட்கார்கிறார் என்றால், சொல்ல வேண்டியதை அவருடைய பாட்டன் காலத்திலேயே சொல்லி முடித்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

ஆதிக்கக்காரனுக்கு எந்த நாட்டிலும் உட்காரும் இடத்தின்மீதுதான் கண். 1893இல் தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்பு டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த காந்தியாரைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் வண்டியை விட்டு இறக்கித் தள்ளினார்கள். அமெரிக்காவிலே, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், 1955 டிசம்பர் 1ஆம் நாள், ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் ஒருவருக்கு இடமில்லை, எழுந்திரு என்றார் டிரைவர். எழமாட்டேன் என்றார் அவர். கைது செய்தார்கள். அபராதமும் செலவுமாக 14 டாலர் தண்டனை. அதற்குச் சில மாதம் முன்பே, மார்ச்சில், கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவியும் அதே ஊரில் எழ மறுத்துக் கைதாகியிருந்தாள்.

மாண்ட்கோமரியின் கறுப்பின மக்கள் என்ன செய்தார்கள்? பஸ் ஏறுவதை நிறுத்தினார்கள். ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் அல்ல, 381 நாள்! வீட்டு வேலை செய்யும் பெண்கள், கூலிக்காரர்கள், கிழவிகள் நடந்தே வேலைக்குப் போனார்கள். கடைசியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பஸ்களில் நிறப் பிரிவினை செல்லாது என்றது. வெற்றிதான். ஆனால் அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு வேலை போயிற்று. 1957இல் ஊரையே விட்டு டெட்ராய்ட் நகருக்குக் குடிபோனார். சரித்திரப் புத்தகத்தில் வெற்றியைப் பெரிய எழுத்திலே போடுவார்கள், வேலை போனதைச் சின்ன எழுத்திலே போடுவார்கள். கூலிக்குப் போகும் நமக்குத்தான் அந்தச் சின்ன எழுத்தின் அர்த்தம் தெரியும்.

நம் நாட்டிலும் ஒரு பஸ் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்றுவிட்டு ஊர் திரும்பிய பஸ் அது. பட்டப்பகலில் அதை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். செய்த குற்றம்? தலைவர் ஆனது! பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996 முதல் பத்தாண்டு காலம் தேர்தலையே ஒழுங்காக நடக்க விடவில்லை. யாராவது மனுப் போட்டு ஜெயித்தாலும் ராஜினாமா வாங்கினார்கள். 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்தது.

ஆக, முதலில் தேர்தலை மறித்தார்கள். மறிக்க முடியாமற்போனபோது ஆளை வெட்டினார்கள். அதுவும் கூடாதென்ற நிலை வந்தபோது, "சரி, தலைவராக இரு, தரையில் இரு" என்கிறார்கள்.

இதற்குள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் கிளைத் தோழர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு ஒதுக்கீடு இல்லை. ஆனால் ஊராட்சிப் பணத்தை எடுக்க வேண்டுமானால் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும்! தெருவிளக்குக்குப் பல்பு வாங்கவும் இரண்டு கையெழுத்து, குழாய் ரிப்பேருக்கும் இரண்டு கையெழுத்து. பணம் கையாடப்படாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் ஊரின் நிலமும் கூலியும் கடனும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையிலே அந்த இரண்டாவது பேனாவும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? தலைவரின் புருஷன் நாளைக்கு அந்த வீட்டு வயலுக்குத்தான் அறுப்புக்குப் போக வேண்டும் என்றால், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாரா?

இதே மண்ணிலேதான் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் பிறந்தார், 1924இல். பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனிப் பானையை உடைத்த பையன் என்று அவரைப் பற்றி இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 1952இல் முதல் மக்களவைக்கே போனார். காங்கிரஸ்காரர்தான். அதற்காக உள்ளதை இல்லை என்று சொல்லும் வழக்கம் நமக்கில்லை. 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவராகி, நாடு முழுதும் அலைந்து, 1969இல் அறிக்கை கொடுத்தார். பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்றது அந்த அறிக்கை. அதை ஆதாரமாகக் காட்டித்தான் 1970இல் தமிழ்நாடு சட்டமன்றம் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைச் சட்டத்தில் குற்றம் செய்தவன் ராஜி பேசித் தப்பிக்க வழியிருந்தது. அந்த வழியை 1976இல் அடைத்ததற்கும் அவர் உழைப்பே அடிப்படை.

அவருக்கு முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வாழும் தாலுக்காக்களில்தான் இந்தத் தரைக் காட்சி!

சட்டம் இல்லையா? இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பட்டியலின ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ மிரட்டித் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதே தனிக் குற்றம் என்கிறது. ஆனால் யார் போய்ப் புகார் கொடுப்பது? கொடுத்தபின் அந்த ஊரிலேயே யார் குடியிருப்பது? மாண்ட்கோமரியில் ஒரு பெண் எழ மறுத்தபோது 381 நாள் அவளோடு ஊரே நடந்தது. தெற்குத்திட்டையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்தபோது நாம் எங்கே இருந்தோம்? பக்கத்து ஊர்களில் நமக்குக் கிளைகள் இல்லையா? கொடிக்கம்பம் இல்லையா? மற்றவர்களைக் கேட்பதற்கு முன் இதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடலூர் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த தேர்தல் எப்போது நடந்தாலும், புதிய மன்றத்தின் முதல் கூட்டத்தன்று ஒவ்வொரு கிளையிலிருந்தும் இரண்டு தோழர்கள் ஊராட்சி அலுவலகத்துப் பக்கம் போய் வரட்டும். உள்ளே எத்தனை நாற்காலி போட்டிருக்கிறது, யார் யார் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும். அப்படியே, செக் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்றும் கேட்டுவிட்டு வரட்டும்.