கை வலித்தால் கால் என்ன பாவம் செய்தது?

இன்று சின்ன ஊர்களில்கூட 'ஜிம்' வந்து விட்டது. வாலிபர்கள் போகிறார்கள். பெண்களும் போகிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் மணிக்கட்டில் வலி வந்து விட்டால், நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்.

ஒருவர், "இந்த வலி என்னை என்ன செய்யும்?" என்று பல்லைக் கடித்துக் கொண்டு எடை தூக்குகிறார்.

இன்னொருவர், "இனி அந்தப் பக்கமே போவது இல்லை" என்று வீட்டில் உட்கார்ந்து விடுகிறார்.

இரண்டும் தவறு. மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுங்கள். மற்ற உடம்புக்கு வேலை கொடுங்கள். இதுதான் சரியான வழி.

நரம்பு அல்ல, நாண்!

மணிக்கட்டு வலித்தால், "நரம்பு பிசகி விட்டது" என்கிறோம். பல சமயங்களில் அது நரம்பு அல்ல, தசைநாண்.

தசையை எலும்போடு சேர்த்துக் கட்டும் கயிறுதான் தசைநாண். விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். புறங்கையில் கயிறு போல அசைகிறதே, அதுதான்.

இந்தக் கயிறுகள் மணிக்கட்டில் குறுகலான உறைகளுக்குள் ஓடுகின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் உறை தடித்து விடலாம். அப்போது கயிறு தாராளமாக ஓட முடியாது. கையை அசைத்தால் 'சுரீர்' என்று வலிக்கும்.

கட்டை விரல் பக்கத்தில் இப்படி வரும் நோயைப் பற்றி, சுவிட்சர்லாந்து டாக்டர் டி குவெர்வேன் 1895-ல் எழுதினார். அவர் பெயரையே நோய்க்கும் வைத்து விட்டார்கள். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வருவது உண்டு.

தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், தசைநாணுக்குக் குறைவு. அதனால் தசை வலி சில நாட்களில் போய் விடும். தசைநாண் ஆறுவதற்கு வாரக் கணக்கில் ஆகும். சிலருக்கு மாதக் கணக்கிலும் ஆகும்.

பொறுப்பது வீரமா?

"வலித்தால்தான் பலம் வரும்" என்று சிலர் சொல்வார்கள். முதல் நாள் பஸ்கி போட்டால் மறுநாள் தொடை வலிக்கிறதே, அதற்கு இது பொருந்தும். மணிக்கட்டில் வரும் 'சுரீர்' வலிக்குப் பொருந்தாது. அந்த வலி ஓர் எச்சரிக்கை.

வலி மாத்திரையைப் போட்டுக் கொண்டு எடை தூக்குவது, திருடனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவது போன்றது. சத்தம் நின்று விடும். திருடன் போக மாட்டான்!

தையல்காரருக்குக் கைதான் முதல். கொத்தனாருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் அப்படித்தான். ஜிம்மில் 5 கிலோ கூடுதலாகத் தூக்கிக் காட்டுவதற்காக, ஒரு மாத வருமானத்தை இழக்கலாமா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

எதைச் செய்யலாம்?

கை வலிக்கிறது. கால் என்ன பாவம் செய்தது? கையில் எடை இல்லாமல் பஸ்கி போடலாம். வேகமாக நடக்கலாம். கையை ஊன்றாமல், நின்ற இடத்து சைக்கிளை மிதிக்கலாம். மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கி இறக்கினால் வயிற்றுக்கும் பயிற்சி கிடைக்கும்.

தண்டால் வேண்டாம். உள்ளங்கையைத் தரையில் ஊன்றும்போது மணிக்கட்டு ஏறக்குறைய 90 டிகிரி பின்னால் வளைகிறது. உடம்பின் பாரமும் அதன் மேல் விழுகிறது. கர்லாக்கட்டை சுற்றுவதையும் நிறுத்தி வையுங்கள்.

நல்ல கைக்குப் பயிற்சி கொடுக்கலாம். அதில் ஓர் அதிசயம் உண்டு. 1894-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கைக்கு மட்டுமே பயிற்சி கொடுத்தும், மறு கைக்கும் பலம் கூடியது! பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் இதை உறுதி செய்தன. ஆகவே, வலிக்கும் கை சும்மா இருந்தாலும் அதன் பலம் முழுவதும் போய் விடாது.

திரும்பத் தொடங்கும்போது

வலி குறைந்ததும் பழைய எடையைத் தொடாதீர்கள். மிகச் சிறிய எடையில் தொடங்குங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோடாக இருக்கட்டும். மணிக்கட்டு வளையக் கூடாது.

மறுநாள் காலையில் கையைப் பாருங்கள். வலி கூடவில்லையா? தொடரலாம். கூடி இருக்கிறதா? எடையைக் குறையுங்கள். கை சொல்வதைக் கேட்டு நடங்கள்.

டாக்டரிடம் போங்கள்

"சுளுக்கு எடுக்கிறேன்" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். கீழே விழுந்து கையை ஊன்றி இருந்தால், சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். விரல் மரத்துப் போனாலும், மணிக்கட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சிலருக்கு டாக்டர் ஊசி போடுவார். வலி நின்று விடும். வலி நின்றதாலேயே புண் ஆறி விட்டது என்று நினைக்காதீர்கள். "எத்தனை நாள் எடை தூக்கக் கூடாது?" என்று அவரிடமே கேளுங்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வார்த்தை

வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே அட்டவணையை நீட்டாதீர்கள். "உங்களுக்கு எங்காவது வலி இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். பணம் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

வீட்டில் உள்ளவர்களும் பிள்ளைகளை, "ஜிம்மே வேண்டாம்" என்று தடுக்க வேண்டாம். "கையைப் பார்த்துக் கொள்" என்று சொல்லி அனுப்புங்கள்.

எடை எங்கேயும் ஓடிப் போகாது. இரண்டு மாதம் கழித்தும் அங்கேயே இருக்கும். அதைத் தூக்க உங்கள் கை நன்றாக இருக்க வேண்டும்.