கரை சேர்ப்பது யார் பொறுப்பு?

மும்பைத் துறைமுகத்துக்கு அப்பால், கடலுக்கு நடுவே அமைந்திருக்கும் கராபுரித் தீவின் எலிபெண்டா குகைகள், மும்பை வாழ் தமிழர்களுக்கு அந்நியமானவை அல்ல. நெல்லையிலிருந்தோ, விழுப்புரத்திலிருந்தோ உறவினர்கள் வந்தால், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் குடும்பங்கள் அவர்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடங்களில் அதுவும் ஒன்று. மாமல்லபுரத்துக் குடைவரைகளைப் பார்த்துப் பழகியவர்கள், அவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, அதாவது 6-ஆம் நூற்றாண்டையொட்டி, உருவானதாகக் கருதப்படும் இந்தக் குகையில் நின்று வியக்காமல் இருக்க முடியாது. மும்முகம் கொண்ட சதாசிவமும், கயிலையைப் பெயர்க்க முனையும் இராவணனும், ஆடல்வல்லானும், மாதொரு பாகனும் பாறையிலேயே உருப்பெற்று நிற்கின்றனர். 1987-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் எலிபெண்டா இடம்பெற்றதில் வியப்பேதும் இல்லை.

குகையின் பெருமையைப் பேசுவோர் பலர். அந்தக் குகைக்கு ஒரு சாமானியக் குடும்பம் எப்படிப் போய்ச் சேருகிறது, எப்படிப் பத்திரமாக வீடு திரும்புகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவோர்தான் குறைவு. ஏதாவது விபரீதம் நேர்ந்தால் மட்டுமே அந்தக் கேள்வி எழுகிறது. சில நாள்களில் அடங்கியும் விடுகிறது.

2024 டிசம்பர் 18 அன்று அப்படி ஒரு விபரீதம் நேர்ந்தது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டாவுக்குப் புறப்பட்ட 'நீல்கமல்' என்கிற பயணிகள் படகின்மீது, என்ஜின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் அதிவேகப் படகு மோதியது. 15 உயிர்கள் பலியாயின. அந்தப் பயணிகள் படகுக்கு அளிக்கப்பட்டிருந்த அனுமதி 84 பயணிகளுக்கும் 6 பணியாளர்களுக்கும்தான். அன்று அதில் இருந்தவர்களோ நூற்றுக்கும் அதிகமானவர்கள். உயிர்காப்பு அங்கி அணிவதைக் கண்டிப்பாக வலியுறுத்தும் நடைமுறை அந்த விபத்துக்குப் பிறகுதான் வந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடல் கடக்கும் ஒரு துறையில், மிக எளிய இந்த விதியை நிலைநாட்டவே இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பது வேதனைக்குரியது.

மோதியது கடற்படையின் படகு என்பதால், கூடுதலாக ஆள் ஏற்றிய குற்றம் இல்லாமல் போய்விடாது. கூடுதலாக ஆள் ஏற்றினார்கள் என்பதால், பயணிகள் படகுகள் செல்லும் பாதையில் சோதனை ஓட்டம் நடத்தியதற்கு நியாயம் கிடைத்துவிடாது. இந்த இரண்டையும் முன்கூட்டியே தடுத்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்டால், நிர்வாகத்திடமிருந்து ஒற்றை பதில் கிடைக்காது. அதுதான் பிரச்னையின் மையம்.

குகையைப் பராமரிப்பது மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை. துறைமுகக் கடற்பரப்பை நிர்வகிப்பது, அதே மத்திய அரசின் வேறொரு அமைச்சகத்தின்கீழ் வரும் மும்பைத் துறைமுக ஆணையம். படகுத்துறை அமைப்பது மாநில அரசின் மகாராஷ்டிரக் கடல்சார் வாரியம். கரையில் இருக்கும் சாலை மும்பை மாநகராட்சியுடையது. அந்தச் சாலையில் வாகனம் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று தீர்மானிப்பது போக்குவரத்துக் காவல் துறை. மும்பையிலிருந்து படகேறி இறங்கும் தீவோ மும்பையில் இல்லை. ராய்கட் மாவட்டத்தின் உரண் வட்டத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது கராபுரி கிராமப் பஞ்சாயத்து. இத்தனை அமைப்புகளும் தத்தம் எல்லைக்குள் சரியாகவே செயல்படுகின்றன என்று வைத்துக்கொண்டாலும், வீட்டிலிருந்து புறப்படும் குடும்பத்தைக் குகைவரை கொண்டு சேர்த்து, மீண்டும் கரை சேர்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

அந்தத் தீவில் வாழ்பவர்களுக்கும் இதே கதிதான். மும்பை மாநகரின் விளக்கொளி கண்ணுக்கெட்டிய தொலைவில் தெரிந்தும், கடலுக்கடியில் கம்பி பதித்துக் கராபுரிக்கு நிரந்தர மின்சாரம் வழங்கப்பட்டது 2018-ஆம் ஆண்டில்தான். சுற்றுலாப் பயணிகளை நம்பி வாழும் ஒரு கிராமம், சுதந்திரம் பெற்று 70 ஆண்டுகள் கழித்துத்தான் நிரந்தர மின்சாரத்தைப் பெற முடிந்தது.

கரையில் நிலவும் குழப்பம் வேறு வகையானது. கேட்வே ஆஃப் இந்தியாவைச் சுற்றியுள்ள அப்பல்லோ பந்தர் பகுதி, காரில் வரும் கூட்டத்தைத் தாங்கும் இடமே அல்ல. குறுகலான சாலைகள், பழைமையான கட்டடங்கள், தாஜ் ஓட்டல், கடற்கரை நடைபாதை என்று ஏற்கெனவே நெருக்கடி நிறைந்த பகுதி அது. அங்கு வாகன நிறுத்தம் என்பது வெறும் வசதி சார்ந்த விஷயமாகவும் இல்லை. 2003 ஆகஸ்ட் 25 அன்று கேட்வே அருகே நிறுத்தப்பட்டிருந்த ஒரு டாக்சியில்தான் குண்டு வெடித்தது. அன்று அங்கும் ஜவேரி பஜாரிலுமாக 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2008 நவம்பர் 26 தாக்குதலை அந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. வாகனங்களுக்கு அங்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளை அதிகாரிகளின் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது.

எனவே, எலிபெண்டாவுக்குச் செல்ல நினைப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய முதல் யோசனை, காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான். மும்பையில் அதற்கு வழியில்லாமல் இல்லை. செம்பூரிலிருந்து துறைமுகத் தடத்தில் நேராகச் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை அடையலாம். மாட்டுங்காவிலிருந்து மத்திய ரயில்வே தடத்தில் அதே முனையத்துக்கு வந்துவிடலாம். அங்கிருந்து பேருந்தோ, டாக்சியோ பிடித்தால் கேட்வே அதிகத் தொலைவில்லை. தாராவிக்கு இப்போது இன்னும் எளிய வழி பிறந்திருக்கிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரையிலான 33.5 கி.மீ. நீள மூன்றாம் தட மெட்ரோ, 2025 அக்டோபர் மாதம் முழுமை பெற்றுவிட்டது. தாராவியில் ஏறினால் வண்டி மாறாமல் ஹுதாத்மா சௌக்கில் இறங்கலாம். அங்கிருந்து கேட்வே நடந்தே போகும் தூரம்தான்.

இப்படிப் போவதில் காரில் செல்பவருக்குக் கிடைக்காத ஒரு லாபமும் உண்டு. சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையமே 2004-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம். அங்கிருந்து சற்று விலகி ஓவல் மைதானம் வழியாக நடந்தால், அதைச் சூழ்ந்துள்ள உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் எதிர்வரிசைக் குடியிருப்புகளும் 2018-ஆம் ஆண்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. ஒரே நாளில் மூன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களை ரயில் கட்டணச் செலவில் பார்த்துவிடலாம். எலிபெண்டா என்கிற பெயருக்கே காரணமான கல் யானையும் இப்போது தீவில் இல்லை. அது பைகுல்லாவின் ஜீஜாமாதா பூங்கா வளாகத்தில் நிற்கிறது. மாட்டுங்காவிலிருந்து வரும் ரயில் அந்த நிலையத்தைக் கடந்துதான் வருகிறது.

திங்கள்கிழமைகளில் குகைக்கு விடுமுறை என்பதை மறந்துவிடக் கூடாது. கடல் பயணத்துக்குப் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதால், காலையில் முதல் படகுகளிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் ஓடாது. தீவில் இறங்கிய பிறகும் படகுத்துறையின் நீண்ட பாதையைக் கடந்து, ஏறத்தாழ 120 படிகள் ஏற வேண்டும் என்பதை முதியோரை அழைத்துச் செல்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டம் நிரம்பி வழியும் படகில் ஏறுவதைவிட அடுத்த படகுக்காகக் காத்திருப்பதே மேல்.

ஆனால், பயணிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று உபதேசிப்பதுடன் அரசின் கடமை முடிந்துவிடாது. நெரிசலைக் குறைப்பதற்காகக் கேட்வேக்கு அருகே, ரேடியோ கிளப்பை ஒட்டி, புதிய படகுத்துறையும் முனையமும் ரூ.229 கோடி மதிப்பீட்டில் அமைக்கப்படுகின்றன. பகுதிவாசிகள் தொடுத்த வழக்கை 2025 ஜூலை மாதம் மும்பை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்தது. பயணிகளை ஏற்றி இறக்குவதே படகுத்துறையின் முதன்மை நோக்கம், மற்ற வசதிகள் அதற்குத் துணையானவை மட்டுமே என்று வரையறுத்தது. செப்டம்பர் மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

புதிய படகுத்துறை தேவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாசி படிந்த படிக்கட்டில், ஆடும் படகுக்குள் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கும் நிலை இன்னும் எத்தனை காலத்துக்கு? நமது ஐயமெல்லாம் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றிருக்கும் 150 கார்களுக்கான நிறுத்துமிடத்தைப் பற்றியதுதான். ஆயிரக்கணக்கில் வந்து போகும் பயணிகளில் 150 கார்களில் வருபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இடம் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த 150 இடங்களைத் தேடி அதைவிடப் பன்மடங்கு கார்கள் கொலாபாவின் குறுகிய சாலைகளுக்குள் நுழையும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ரயிலிலும் மெட்ரோவிலும் வருபவருக்கு நிழற்குடையும் கழிப்பறையும் குடிநீரும் வழிகாட்டிப் பலகையும் இருக்கின்றனவா என்பதல்லவா முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்?

இதற்கு முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே மகாராஷ்டிரத்தில் அஜந்தா குகைகளுக்குச் செல்பவர்களின் வாகனங்கள், ஏறத்தாழ 4 கி.மீ. முன்பே ஃபர்தாபூர் அருகே நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தில்தான் குகைக்குச் செல்ல முடியும். தாஜ் மஹாலின் 500 மீட்டர் சுற்றளவுக்குள் பெட்ரோல், டீசல் வாகனங்களுக்கு அனுமதியில்லை. மின்கல வண்டிகள் ஓடுகின்றன. பிரிட்டனில் ஸ்டோன்ஹென்ஜ் கற்சின்னத்தை ஒட்டிச் சென்ற சாலையை 2013-ஆம் ஆண்டில் மூடிவிட்டு, வாகன நிறுத்துமிடத்தையும் பார்வையாளர் மையத்தையும் ஏறத்தாழ 2 கி.மீ. அப்பால் கொண்டு சென்றனர். புராதனச் சின்னத்துக்கும் வாகனத்துக்கும் இடையே இடைவெளி வேண்டும், அந்த இடைவெளியை அரசே பொதுப் போக்குவரத்தால் நிரப்ப வேண்டும் என்பதே இவை சொல்லும் பாடம். வார இறுதி நாள்களில் திணறும் மாமல்லபுரத்துக்கும் இது பொருந்தும்.

முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் என்ன செய்வார்கள் என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். அப்படியானால், இருக்கும் சில இடங்களை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். செல்வாக்கு மிக்கவர்களின் வாகனங்கள் அவற்றை ஆக்கிரமிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் முனையத்திலிருந்தும் மெட்ரோ நிலையத்திலிருந்தும் படகுத்துறைக்குத் தாழ்தளப் பேருந்துகளை அடிக்கடி இயக்குங்கள். பேருந்து, படகு, குகை நுழைவு ஆகிய மூன்றுக்கும் நேரம் குறிப்பிட்ட ஒரே சீட்டு வழங்கினால், படகில் எத்தனை பேர் ஏற வேண்டும் என்பதைப் படகு உரிமையாளரின் பேராசை தீர்மானிக்காது. சீட்டின் எண்ணிக்கையே தீர்மானித்துவிடும். ஒவ்வொரு படகிலும் அனுமதிக்கப்பட்ட பயணிகளின் எண்ணிக்கை மராத்தியிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதப்பட வேண்டும். அதைவிட ஒருவர் கூடினாலும் படகு புறப்படக் கூடாது.

இவற்றைச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தொல்லியல் துறை, துறைமுக ஆணையம், கடற்படை, கடல்சார் வாரியம், மாநகராட்சி, காவல் துறை, கராபுரிப் பஞ்சாயத்து ஆகியவற்றை ஒரே மேஜையில் அமர வைத்து, பயணிகளின் பாதுகாப்புக்கு ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கினால் போதும். அதற்கான முன்முயற்சியை மத்திய கலாசார அமைச்சகம்தான் எடுக்க வேண்டும். குகையும் துறைமுகமும் கடற்படையும் மத்திய அரசின்கீழ் இருக்கும்போது, மாநிலத்தின்மீது பழியைப் போட்டுத் தில்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது. மாநிலங்களவையிலும் மக்களவையிலும் மும்பையின் பிரதிநிதிகள் எழுப்ப வேண்டிய கேள்வியும் இதுதான்.

நுழைவுக் கட்டணம் வாங்கும் துறைக்குக் குகை வாசலில் மட்டும் பொறுப்பு தொடங்குவதில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கல் உறுதியாகத்தான் நிற்கிறது. பாதுகாக்கப்பட வேண்டியவர்கள், அதைப் பார்க்க வரும் மனிதர்கள்!