பொதுமாறியும் பொறுப்பின்மையும்

எவருக்கும் எட்டுவதாக ஒன்றை வைத்தல் எல்லோருக்கும் நன்மை பயக்கும் என்பது கணினி நிரலாக்கத்தில் இன்றும் நிலவும் மயக்கமாகும். தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல், மொழித்தெரிவு முதலிய அமைவு விபரங்களைப் பொதுமாறி ஒன்றில் இட்டுவிட்டால், இணையச் செயலியின் எப்பகுதியும் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம்; இதிலென்ன தீங்கு என வினவுவோர் பலர். எடுக்கக்கூடிய பகுதி மாற்றவும் கூடும் என்பதை இவர்கள் எண்ணுவதில்லை.

பொதுமாறி தீங்குடையது என வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் 1973 இலேயே எழுதினர். ஆயினும் பின்னர் வந்த பி.எச்.பி. மொழியின் ‘ரெஜிஸ்டர் குளோபல்ஸ்’ என்னும் வசதி, பயனர் இணைய முகவரிவழி அனுப்பும் பெறுமானங்களைத் தானாகவே பொதுமாறிகளாக்கியது. அனுமதியைக் குறிக்கும் மாறிக்குத் தொடக்கப் பெறுமானம் இடப்படாதிருப்பின், முகவரியின் இறுதியில் அம்மாறியின் பெயரையும் 1 என்பதையும் சேர்த்தவர் கடவுச்சொல்லின்றியே உள்நுழைய முடிந்தது. 2002 இன் 4.2 ஆம் பதிப்பில் இவ்வசதி இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டது. 2012 இன் 5.4 ஆம் பதிப்பிலேயே முற்றாக நீக்கப்பட்டது. வசதி எனப் புகுந்ததைக் களையப் பத்தாண்டுகள் சென்றன!

பொருள்நோக்கு நிரலாக்கம் இந்நோயைத் தீர்த்துவிட்டது என்பாருமுளர். எரிக் காமா முதலிய நால்வர் 1994 இல் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் விளக்கிய ‘சிங்கிள்டன்’ முறையை அவர்கள் காட்டுவர். ஒரு வகுப்புக்கு ஒரே பொருள். அதனை எங்கிருந்தும் அடையலாம். மாறும் நிலையை அதனுள் வைப்பின், அது பொதுமாறிக்கு அணிவித்த புதுச்சட்டையன்றி வேறென்ன? சிங்கிள்டனை உள்ளிருந்தே அழைக்கும் வகுப்பு, தான் எதனைச் சார்ந்துள்ளது என்பதை வாசிப்பவருக்கு மறைக்கின்றது. ஒரு சோதனை அதில் விட்டுச்சென்ற பெறுமானம் அடுத்த சோதனையைக் கெடுக்கின்றது.

வேண்டுகோள் ஒவ்வொன்றின் முடிவிலும் மாறிகள் அழிந்துவிடுமே எனப் பி.எச்.பி. பயில்வோர் ஆறுதல் கொள்ளலாம். அம்மொழியின் வழமையான இயக்கத்தில் அது உண்மையே. ஆனால் ஜாவா சேர்வ்லெட் ஒன்றில் ஒரே பொருளே பலரது வேண்டுகோள்களுக்கு ஒரே வேளையில் விடையளிக்கின்றது. அப்பொருளின் புலத்தில் ஒருவரது விபரத்தை இட்டால் மற்றொருவரது திரையில் அது தோன்றக்கூடும்.

செய்யத்தக்கது யாது? அமைவு விபரங்கள் செயலி தொடங்குமிடத்தில் ஒருமுறை வாசிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, மாற்றவியலாத பொருளாக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் அதற்கு வேண்டியது மாத்திரம், அதன் பொருள் ஆக்கப்படும்போதே வெளிப்படையாகக் கையளிக்கப்படல் வேண்டும். மின்னஞ்சல் அனுப்பும் வகுப்புக்குத் தரவுத்தளக் கடவுச்சொல் எதற்கு? எழுத்துவேலை கூடும் என்பர். கூடட்டும். ஒரு வகுப்புக்குப் பத்துப் பொருள்களைக் கையளிக்க நேரின், அது அளவுமீறிய பணிகளைச் சுமக்கின்றது என்பதை அந்நீளமே காட்டிக்கொடுக்கும்.

கலைப்பீட மாணவர்க்கு இதில் என்ன அக்கறை எனலாம். பரீட்சைப் பெறுபேறும் வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் இன்று இத்தகைய செயலிகளுள் அடங்கியுள்ளன. அவற்றை யார் மாற்றினர் எனக் கேட்கும்போது விடை கிடைத்தல் வேண்டும். எவரும் மாற்றக்கூடியதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. இதனைப் பகிர்வு எனப் போற்றுவது பகிர்வுக்கே இழுக்காகும்.