உருக்கினால் அழிவது தங்கம் அல்ல, சாட்சி

2025 மே மாதத்தில், இறுதி யுத்தத்தின்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மீட்கப்பட்டதாகக் கூறப்படும் தங்க, வெள்ளி நகைகளை இராணுவம் பதில் பொலிஸ் மா அதிபரிடம் கையளித்தது. தமிழீழ வைப்பகத்தில் மக்கள் அடகு வைத்த நகைகளும் இவற்றுள் அடங்கும் என்பதால் வன்னியில் பல குடும்பங்களுக்கு இது வெறும் செய்தி அல்ல. 2014 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சிலரிடம் நகைகளைத் திருப்பிக் கையளித்தார். பலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நகைகளை அடையாளம் காண முடியுமா? இதற்கான பதில் தங்கத்தின் இரசாயனவியலில் இருக்கிறது.

தங்கம் ஒட்சிசனோடும் நீரோடும் தாக்கமுறாது. மண்ணில் புதைந்தாலும் உப்புநீரில் கிடந்தாலும் துருப்பிடிக்காது. தனி நைத்திரிக்கமிலத்திலோ தனி ஐதரோகுளோரிக்கமிலத்திலோ அது கரைவதில்லை. இரண்டும் கலந்த 'அரச நீர்' என்ற கரைசலில் கரையும். நமது நகைகளில் பெரும்பாலானவை 22 கரட். அதாவது 24 பங்கில் 22 பங்கு தங்கம். மீதி செப்பும் வெள்ளியும். அந்த மீதியால் நகை சற்று மங்கலாம். ஆனால் தாலியில் பொறித்த உருவமும், காப்பின் வேலைப்பாடும், பத்தர் வைத்த பற்றும் அப்படியே இருக்கும்.

இந்தத் தன்மைக்காகவே தொலைபேசி, கணினி ஆகியவற்றின் இணைப்பு முனைகளுக்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். கொவிட் விரைவுப் பரிசோதனைப் பட்டிகளில் தோன்றும் கோடும் பெரும்பாலும் தங்க நுண்துகள்களால் உண்டாவதே.

ஆனால் 1064 பாகை செல்சியசில் தூய தங்கம் உருகிவிடும். உருக்கினாலும் அதன் தரமோ பெறுமதியோ கெடாது. எத்தனை தடவை உருக்கினாலும் தங்கம் தங்கமே. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பத்துக் குடும்பங்களின் நகைகளை ஒன்றாக உருக்கினால் கிடைக்கும் கட்டியில் எந்தப் பகுதி யாருடையது என்று உலகின் எந்த ஆய்வுகூடத்தாலும் சொல்ல முடியாது. பெறுமதி மிஞ்சும், உரிமையாளர் மறைந்துவிடுவார்.

தரம் பார்க்க நகையை வெட்டவோ உருக்கவோ தேவையில்லை. உரைகல்லில் மெல்ல உரசினாலே போதும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி அந்த உரசலும் இல்லாமல், சில நிமிடங்களில் மேற்பரப்பில் உள்ள உலோகங்களின் விகிதத்தைக் காட்டிவிடும். ஆகவே 'பரிசோதனைக்காக உருக்கினோம்' என்று நாளை யாரும் சொல்ல இடமில்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியவை எளிமையானவை. ஒவ்வொரு நகையையும் தனித்தனியே நிறுத்து, படம் எடுத்து, இலக்கமிட வேண்டும். நகை வகைகளின் பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். நிறை, பொறித்த எழுத்து போன்ற அடையாளங்களை மட்டும் வெளியிடாமல் வைத்திருந்தால் பொய்யான உரிமைகோரல்களைத் தடுக்கலாம். உரிமைகோரல்கள் முடியும்வரை எதையும் உருக்கவோ ஏலம் விடவோ கூடாது.

பற்றுச்சீட்டைக் கேட்பது மட்டும் நீதியாகாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்தவர்களிடம் அடகுச் சீட்டு எப்படி இருக்கும்? திருமணப் படம், சத்தியக்கடதாசி, நகை செய்த பத்தரின் சாட்சியம் ஆகியவற்றையும் ஏற்க வேண்டும். குடும்பமாகவே அழிந்துபோனவர்களின் நகைகளுக்கு உரிமைகோர எவரும் வரமாட்டார்கள். அவை அரச திறைசேரிக்குப் போகாமல், பாதிக்கப்பட்ட மக்களுக்கான நிதியமாக வேண்டும்.

வீட்டில் பழைய அல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கழுத்திலும் கையிலும் இருந்த நகைகளின் அமைப்பையும் பவுண் கணக்கையும், நினைவிருப்பவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். தங்கம் காத்திருக்கும். அதை அடையாளம் சொல்லக்கூடிய அம்மாக்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.